இருட்டறையில் இரண்டு நிமிடம்

"ஒரு ஷிஃப்ட்டுக்கு இருநூறு பீஸ் மாமா" என்றான் என் தங்கை மகன். பெருமையாகத்தான் சொன்னான். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, ஒரு பயிற்சி மையத்தில் சில வாரம் படித்து, லெவல் டூ சான்றிதழோடு ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. இன்ஜின் உதிரிகளைச் சோதித்துக் கொடுப்பதுதான் அந்த நிறுவனத்தின் தொழில். அலுமினிய வார்ப்புகள், வால்வுகள், டர்போ பாகங்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் முத்திரை குத்தி அனுப்ப வேண்டும். அறுக்காமல், உடைக்காமல் பார்க்கிற சோதனை. தொழிலில் இருப்பவர்கள் சுருக்கமாக என்டிடி என்பார்கள்.

நானும் 31 வருடம் அதே வேலை பார்த்தவன். பெரிய டீசல் இன்ஜின்களைப் பிரித்துப் பூட்டும் பட்டறை. எந்தப் பட்டறை என்பது இங்கே தேவையில்லை. அவன் சொன்னதும் மனக்கணக்குப் போட்டேன். எட்டு மணி நேரம் என்றால் 480 நிமிடம். சாப்பாடு, டீ என்று 45 நிமிடம் போனால் 435. இருநூறால் வகுத்தால் ஒன்றுக்கு இரண்டு நிமிடம் பத்து விநாடி. அதற்குள் உருப்படியைத் தூக்கி விளக்கடியில் வைக்க வேண்டும், திருப்ப வேண்டும், துடைக்க வேண்டும், எண்ணைப் படித்து ரிஜிஸ்டரில் ஏற்ற வேண்டும். கண்ணுக்கென்று மிஞ்சுவது ஒரு நிமிடம்கூட வராது.

"கிராக் எத்தனை கிடைச்சுது?" என்று கேட்டேன்.

"இதுவரைக்கும் ஒண்ணும் இல்ல மாமா. சரக்கு சுத்தமா வருது."

மாதம் 25 நாள் என்று வைத்தாலும், ஐந்து மாதத்தில் 25,000 உருப்படி. ஒன்றில்கூட விரிசல் இல்லை. சரக்கு உண்மையிலேயே சுத்தமாக இருக்கலாம். அல்லது அவன் பார்த்தது பார்வையே இல்லாமல் இருக்கலாம். எது உண்மை என்றாலும் ரிஜிஸ்டரில் விழுவது ஒரே வார்த்தை: 'நில்'. நம் ஊர்த் தொழில் உலகம் அந்த வார்த்தையை இரும்பைப் பற்றிய தகவலாக எடுத்துக்கொள்கிறது. அது பார்த்தவனைப் பற்றிய தகவலும்தான் என்று யாரும் நினைப்பதில்லை.

நாங்கள் செய்த சோதனைக்குப் பட்டறையில் 'ஜைக்ளோ' என்று பெயர். அது ஒரு வணிகப் பெயர் என்பதே பலருக்குத் தெரியாது. ஒளிரும் சாயம் கலந்த எண்ணெய் போன்ற ஒரு திரவத்தில் உருப்படியை முக்கி வைப்போம். அதைத்தான் பெனட்ரன்ட் என்போம். மயிரிழை விரிசலாக இருந்தாலும் திரவம் உள்ளே இறங்கிவிடும். பிறகு மேலே ஒட்டியதைத் தண்ணீரில் கழுவி, உலர்த்தி, வெள்ளைப் பொடி தூவுவோம். விரிசலுக்குள் பதுங்கிய திரவத்தைப் பொடி உறிஞ்சி மேலே இழுக்கும். இருட்டறைக்குள் கொண்டுபோய் புற ஊதா விளக்கைக் காட்டினால், மஞ்சளும் பச்சையும் கலந்து ஒரு கோடு எரியும்.

இதன் மூதாதை ரயில்வே பட்டறைகளில் பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ரயில் அச்சுகளை எண்ணெயில் ஊறவைத்து, துடைத்து, மேலே சுண்ணாம்புப் பொடி பூசிக் காயவிடுவார்கள். விரிசல் இருந்த இடத்தில் எண்ணெய் கசிந்து வெள்ளையில் கறை தெரியும். அந்த எண்ணெய்க்கு ஒளிரும் குணத்தைக் கொடுத்தவர்கள் அமெரிக்காவின் ஸ்விட்சர் சகோதரர்கள், ராபர்ட்டும் ஜோசப்பும். 1930களில் ராபர்ட்டுக்குத் தலையில் அடிபட்டு, இருட்டறையில் கிடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த இருட்டில்தான் ஒளிரும் பொருள்கள் மேல் அவருக்குப் பித்துப் பிடித்தது. அப்பாவின் மருந்துக் கடையில் அண்ணனும் தம்பியும் புற ஊதா விளக்கோடு தேடி அலைந்தார்கள். ஜைக்ளோ 1942இல் சந்தைக்கு வந்தது. சாலைப் பணியாளர்கள் போட்டுக்கொள்கிற பளீர் ஆரஞ்சு மேலங்கியின் நிறமும் அதே சகோதரர்களின் தேடலில் விளைந்ததுதான்.

இருட்டறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெளியே சென்னை வெயிலோ மதுரை வெயிலோ அடித்துக்கொண்டிருக்கும். உள்ளே நுழைந்தால் ஒன்றும் தெரியாது. கண் இருட்டுக்குப் பழகக் குறைந்தது ஒரு நிமிடமாவது சும்மா நிற்க வேண்டும் என்பது விதி. எனக்குக் கற்றுக்கொடுத்த பெரியவர் ஐந்து நிமிடம் நிற்கச் சொல்வார். "கண்ணு இன்னும் வெளியேதான்யா இருக்கு, வரட்டும்" என்பார். என் மகள் ஒருமுறை வெயிலில் தானாகக் கறுக்கும் மூக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தாள். ஆசையாகப் போட்டுக்கொண்டு போனேன். புற ஊதா ஒளி பட்டதும் அது இருட்டறைக்குள்ளேயே கறுத்துவிட்டது. அந்தக் கண்ணாடி இந்த வேலைக்கு ஆகாது என்று விதியிலேயே இருக்கிறது. அன்றைக்குத்தான் அதன் அர்த்தம் புரிந்தது.

அந்த விளக்கில் வேறு பலவும் ஒளிரும். சலவைத் தூள் போட்ட சட்டைக் காலர் ஒளிரும். கந்தல் துணியின் நூல் பிசிறு விரிசல் மாதிரியே நெளிந்து ஒளிரும். ஒரு ஐப்பசி மழையில் தரையோரம் பச்சையாக ஒன்று நகர்ந்தது. பெனட்ரன்ட் சொட்டு ஓடுகிறது என்று குனிந்தேன். தேள். தேள்கள் புற ஊதாவில் ஒளிரும் என்பதை எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

இத்தனை பொய் ஒளிகளுக்கு நடுவில் மெய்யான ஒரு கோட்டைப் பிடிக்க வேண்டும். அந்தக் கோடு ஆயிரத்தில் ஒரு உருப்படியில்கூட இருக்காது. வாரக்கணக்கில் ஒன்றுமே கிடைக்காமல் பார்க்கிற கண் மெல்ல மெல்ல ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது: இதிலும் இருக்காது. அந்த முடிவுக்குப் பிறகு கண் திறந்திருக்கும், பார்க்காது. சோம்பல் என்று இதைத் திட்டுவது எளிது. என் அனுபவத்தில் சுறுசுறுப்பான ஆட்களுக்கும் இது நடந்திருக்கிறது. எனக்கும்.

வேலையில் சேர்ந்து ஏழாவது வருடம். மார்ச் மாதக் கடைசி. இருபத்து நான்கு கனெக்டிங் ராடுகளைப் பார்த்து முடித்தால்தான் மறுநாள் இன்ஜின் பூட்ட முடியும். இரும்பு ராடுகளுக்கு ஜைக்ளோ இல்லை, காந்தச் சோதனை. ராடைக் காந்தமாக்கி, இரும்புத் துகள் கலந்த திரவத்தை ஊற்றினால், விரிசல் இருக்கும் இடத்தில் துகள்கள் கூடி நிற்கும். 1920களில் வில்லியம் ஹோக் என்ற அமெரிக்கர், கிரைண்டிங் செய்யும்போது காந்த மேசையில் பறக்கும் இரும்புப் பொடி உருப்படியின் விரிசல் ஓரமாக வரிசை கட்டுவதைப் பார்த்துக் கண்டுகொண்டது. ஆனால் இதில் ஒரு சூட்சுமம் உண்டு. காந்தப் புலம் ஓடுகிற திசையிலேயே விரிசலும் இருந்தால் துகள் கூடாது. குறுக்கே இருந்தால்தான் கூடும். அதனால் ஒவ்வொரு ராடையும் இரண்டு முறை பார்க்க வேண்டும். நீளவாக்கில் மின்சாரம் விட்டு ஒருமுறை. காயிலுக்குள் நுழைத்து இன்னொரு முறை. முதலாவதில் நீள விரிசல் தெரியும், இரண்டாவதில் குறுக்கு விரிசல்.

காயில் அறையின் மறுகோடியில் இருந்தது. பதினெட்டு ராடுகளை முறையாக இரண்டு தடவை பார்த்தேன். கடைசி ஆறை ஒரு திசையில் மட்டும் பார்த்துவிட்டு 'நில்' எழுதினேன். மணி இரவு பத்தரை. ஃபோர்மேன் வாசலில் நின்று, "முடிஞ்சுதா, முடிஞ்சுதா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவரைக் குற்றம் சொல்லமாட்டேன். அவருக்கு மேலே ஒருவர் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் பெரியவர் வந்து, அடுக்கிலிருந்து ஒரு ராடை எடுத்துக் காயிலில் வைத்தார். எதற்கு அந்த ராடை எடுத்தார் என்று இன்றுவரை தெரியாது. என் கையெழுத்து கடைசி ஆறில் சாய்ந்திருந்தது, அதைப் பார்த்திருப்பார் என்று என் ஊகம். பெரிய முனைக்குச் சற்று மேலே, குறுக்காக, ஒரு கோடு எரிந்தது. அரிசி மணி நீளம் இருக்கும். அவர் சத்தம் போடவில்லை. விளக்கைத் தள்ளிப் பிடித்து, "நீயே பாரு" என்று மட்டும் சொன்னார். அந்த ராடு இன்ஜினுக்குள் போயிருந்தால் எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்று நான் பிறகு பல இரவுகள் யோசித்திருக்கிறேன். ஓடுகிற இன்ஜினில் கனெக்டிங் ராடு உடைந்தால் இன்ஜின் பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். பக்கத்தில் ஆள் நின்றால் அவ்வளவுதான்.

என் தவறு ஒரு அடுக்கோடு முடிந்தது. வானத்தில் நடந்தவை அப்படி முடியவில்லை.

1989 ஜூலை 19. யுனைடெட் ஏர்லைன்ஸின் 232ஆம் எண் விமானம், டிசி-10, டென்வரிலிருந்து சிகாகோவுக்குப் போய்க்கொண்டிருந்தது. வாலில் இருந்த இன்ஜினின் முன்பக்க விசிறி வட்டு நடுவானில் இரண்டாகப் பிளந்தது. சுமார் 32 அங்குல விட்டம், ஏறத்தாழ 168 கிலோ எடையுள்ள டைட்டானிய வட்டு. அதன் சிதறல்கள் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளையும் அறுத்துவிட்டன. விமானத்தைத் திருப்பும், ஏற்றும், இறக்கும் எந்தக் கட்டுப்பாடும் விமானிகளிடம் மிஞ்சவில்லை. கேப்டன் ஆல் ஹெய்ன்ஸின் குழுவும், பயணியாக வந்திருந்த பயிற்சி விமானி டென்னிஸ் ஃபிட்ச்சும், மிச்சமிருந்த இரண்டு இன்ஜின்களின் வேகத்தை மாற்றி மாற்றியே முக்கால் மணி நேரம் அதை ஓட்டி, அயோவா மாநிலம் சூ சிட்டி ஓடுபாதைக்குக் கொண்டுவந்தார்கள். விமானம் தரையில் மோதிச் சிதறியது. 296 பேரில் 112 பேர் இறந்தார்கள். 184 பேர் பிழைத்தது அந்த நால்வரின் கைவண்ணம். அவர்களைப் பற்றித் திரைப்படம் எடுத்தார்கள், புத்தகம் எழுதினார்கள். நான் அக்கறைப்படுவது வேறொரு ஆளைப் பற்றி.

வட்டின் துண்டுகள் உடனே கிடைக்கவில்லை. மூன்று மாதம் கழித்து, அல்டா என்ற ஊருக்கருகே மக்காச்சோள அறுவடையின்போது வயலில் அகப்பட்டன. பிரித்துப் பார்த்தார்கள். 1971இல் வட்டு பிறந்தபோதே குறை அதற்குள் இருந்தது. டைட்டானியத்தை உருக்கும்போது நைட்ரஜன் சேர்ந்து, ஓரிடத்தில் கடினமான, நொறுங்கும் தன்மையுள்ள ஒரு சிறு புள்ளி உருவாகியிருந்தது. அது உதிர்ந்து ஒரு நுண்குழி ஆனது. ஒவ்வொரு பறத்தலிலும் அங்கிருந்து விரிசல் ஒரு துளி வளர்ந்தது. வட்டின் ஆயுள் 18,000 பறத்தல் என்று நிர்ணயித்திருந்தார்கள். 15,503இல் பிளந்தது.

அதற்குள் அந்த வட்டு ஆறு முறை ஒளிரும் திரவச் சோதனைக்குப் போய் வந்திருந்தது. கடைசி முறை 1988 பிப்ரவரியில், அதாவது உடைவதற்கு 760 பறத்தல்களுக்கு முன்னால். அப்போதே விரிசல் கிட்டத்தட்ட அரை அங்குல நீளம் இருந்தது என்று அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கணித்தது. அரை அங்குலம் என்பது எங்கள் தொழிலில் பிரம்மாண்டம். என் அரிசி மணியைப் போல இரண்டு மடங்கு.

அறிக்கையில் ஒரு விஷயம் என்னை இன்னும் விடவில்லை. உடைந்த முகத்தில் நிறம் மாறியிருந்த பகுதியை ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது, பெனட்ரன்ட் திரவத்தில் இருக்கும் வேதிப்பொருளின் தடயம் கிடைத்தது. திரவம் விரிசலுக்குள் போயிருக்கிறது. தன் வேலையைச் செய்திருக்கிறது. அதைப் பார்க்க வேண்டிய கண்ணுக்கு மட்டும் அது எட்டவில்லை. சோதனையின்போது வட்டு, நடு ஓட்டை வழியாகச் செலுத்திய கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. விரிசல் இருந்ததும் அந்த நடு ஓட்டையின் உட்சுவரில்தான். வட்டைக் கம்பியின் மேல் திருப்பித் திருப்பிப் பார்த்தால்தான் முழுச் சுவரும் தெரியும். வாரியம் விபத்துக்குக் காரணமாக எழுதியது, சோதனை முறைகளில் மனிதக் குறைபாடுகளுக்குப் போதிய கவனம் கொடுக்கப்படவில்லை என்பதை. பரிசோதகரைத் தூக்கில் போடவில்லை. ஒரு மனிதனைத் தனியாக இருட்டில் நிறுத்தி, கிடைக்காது என்று அவன் நம்புகிற ஒன்றைத் தேடச் சொல்லிவிட்டு, தேடும் வசதியைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை என்றது.

பாடம் கற்றார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ஏழு வருடம் கழித்து, 1996 ஜூலை 6, புளோரிடாவின் பென்சகோலாவில் டெல்டா விமானம் ஒன்று மேலெழும்ப ஓடும்போது இன்ஜினின் முன் வட்டு உடைந்து, உலோகத் துண்டுகள் பயணிகள் பகுதிக்குள் பாய்ந்தன. ஒரு தாயும் மகனும் இறந்தார்கள். தயாரிப்பில் துளை போட்டபோது ஏற்பட்ட குறையிலிருந்து வளர்ந்த விரிசல். அதுவும் முந்தைய ஆண்டுதான் இதே திரவச் சோதனையில் 'நில்' வாங்கி வந்திருந்தது.

2018 பிப்ரவரியில் ஹொனலூலுவை நெருங்கிக்கொண்டிருந்த போயிங் 777இன் விசிறி இறக்கை உடைந்ததில் யாரும் சாகவில்லை. ஆனால் எனக்கு அந்தக் கதைதான் அதிகம் உறுத்துகிறது. அங்கே கண்ணை மட்டும் நம்பவில்லை. ஒலியால் இறக்கையைச் சூடேற்றி வெப்பப் படம் எடுக்கும் நவீனக் கருவி. 2010இலும் 2015இலும் எடுத்த படங்களில் விரிசல் இருந்த இடத்தில் அடையாளம் விழுந்திருந்தது. பார்த்தவர் பெயின்ட்டில் ஏதோ கோளாறு என்று விட்டுவிட்டார். அந்தச் சோதனையைப் 'புதிதாக உருவாகிவரும் தொழில்நுட்பம்' என்று வகைப்படுத்தி வைத்திருந்ததால், அதற்கு முறையான பயிற்சித் திட்டமே வகுக்கப்படவில்லை. இனிமேல் கேமராவும் கணினியும் பார்த்துக்கொள்ளும், மனிதன் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு நான் இந்தப் படங்களைத்தான் சொல்வேன். கருவி காட்டியது. பெயின்ட் என்று சொன்னது மனிதன்.

கண்ணால் முடியாத குறைகளும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 2016 அக்டோபரில் சிகாகோ ஓடுபாதையில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானத்தின் டர்பைன் வட்டு உடைந்து, ஒரு துண்டு 2,935 அடி பறந்து ஒரு சரக்குக் கிடங்கின் கூரையைப் பொத்துக்கொண்டு விழுந்தது. நிக்கல் உலோகத்தின் உள்ளே புதைந்திருந்த மாசு அது. மேற்பரப்பில் திரவம் தடவி அதைப் பிடிக்க முடியாது. மீயொலி அலையை உள்ளே செலுத்தி எதிரொலி கேட்க வேண்டும். 2023 ஜூலையில் பிராட் அண்ட் விட்னி, தன் புதிய இன்ஜின்களின் வட்டுகளுக்கான உலோகப் பொடியில் மாசு கலந்திருக்கலாம் என்று அறிவித்தபோதும் அதே மீயொலிச் சோதனைக்காகத்தான் நூற்றுக்கணக்கான இன்ஜின்களைக் கழற்ற வேண்டியிருந்தது. இண்டிகோவின் விமானங்கள் பல மாதக்கணக்கில் தரையில் நின்றது அதனால்தான். பயணச்சீட்டு கிடைக்கவில்லை என்று என்னிடம் சலித்துக்கொண்ட சம்பந்தியிடம், "நின்னா நல்லதுங்க, சம்பந்தி" என்றேன். அவர் ரசிக்கவில்லை.

விமானத் துறையைத் திட்டுவதற்காக இவற்றைச் சொல்லவில்லை. அவர்கள் தங்கள் தோல்வியைப் பக்கம் பக்கமாக எழுதி உலகத்துக்கு முன்னால் வைத்திருக்கிறார்கள். அதனால்தான் ஊரில் உட்கார்ந்து நான் படிக்க முடிகிறது. எத்தனை பெரிய விரிசலைக் கண் பிடிக்கும் என்று கேட்டால்கூட, அவர்கள் விரிசல் உள்ள மாதிரிகளைப் பல பரிசோதகர்களிடம் கொடுத்து, பத்தில் ஒன்பது முறை பிடிபடும் அளவு எது என்று கணக்கிட்டுப் பதில் சொல்கிறார்கள். பத்தாவது முறை தப்பும் என்பதை ஒப்புக்கொண்டுதான் அடுத்த சோதனை எப்போது என்று தீர்மானிக்கிறார்கள். நம் பக்கத்துப் பம்புகளிலும், லாரி இன்ஜின்களிலும், ஆலைக் கொதிகலன்களிலும் போகிற உருப்படிகளுக்கு அப்படி ஒரு கணக்கு உண்டா என்று நான் கேட்ட இடத்திலெல்லாம், "சர்டிபிகேட் இருக்கு சார்" என்பதுதான் பதில்.

அந்த சர்டிபிகேட்டைப் பற்றி. பெனட்ரன்ட் சோதனைக்கு வகுப்பறை நேரம் சொற்பம்தான் தேவை. படிப்பதற்கு அதில் பெரிதாக ஒன்றுமில்லை. அதைவிடப் பல மடங்கு மணி நேரம், தேர்ந்தவர் ஒருவரின் பக்கத்தில் நின்று உருப்படி பார்த்திருக்க வேண்டும் என்பதே ஏற்பாட்டின் உயிர். அந்த மணி நேரங்களைத்தான் காகிதத்தில் நிரப்பிவிடுகிறார்கள். வளைகுடாவுக்குப் போகும் அவசரத்தில் பையன்களும் கேட்பதில்லை, மையங்களும் சொல்வதில்லை. ஆண்டுதோறும் நடக்கும் கண் பரிசோதனை அட்டையை மனப்பாடம் செய்து ஒப்பித்த ஒரு சக ஊழியரை எனக்குத் தெரியும். நல்ல மனிதர். கடைசி இரண்டு வருடம் அவருக்குக் கண்புரை.

என்னைக் கேட்டால், முதலில் ஒழிக்க வேண்டியது உருப்படிக் கணக்குக் கூலி. எத்தனை பார்த்தாய் என்று எண்ணிக் காசு கொடுத்தால், அவன் எண்ணத்தான் செய்வான். ஒரு விரிசல் கிடைத்தால் அதைக் கழுவி, மறுபடி பொடி தூவி, உருப்பெருக்கியில் பார்த்து, எழுதி, ஒதுக்கி வைக்க இருபது நிமிடம் ஆகும். அந்த இருபது நிமிடத்தில் அவன் கூலியில் ஒன்பது பீஸ் போகிறது. கண்டுபிடிப்பதற்கு அபராதம் விதித்துவிட்டு, கண்டுபிடி என்கிறோம்.

அடுத்தது, பரிசோதகன் உற்பத்தி மேலாளருக்குக் கீழே இருக்கக் கூடாது. சந்தையில் பானை வாங்குகிறவள் தானே சுண்டிப் பார்த்துத்தான் வாங்குவாள். விற்பவன் சுண்டிக் காட்டினால் எங்கே சுண்ட வேண்டும் என்று அவனுக்குத் தெரியும் அல்லவா. நம் சின்னப் பட்டறைகளில் சுண்டுகிறவனுக்குச் சம்பளம் தருபவன் விற்பவன்தான். பெரிய நிறுவனங்கள் வேலையை வெளியே கொடுக்கும்போது, குறைந்த விலை சொன்ன ஏஜென்சிக்குக் கொடுக்கின்றன. எப்படிக் குறைந்தது என்று கேட்பதில்லை. இரண்டு நிமிடம் பத்து விநாடியில் குறைந்தது.

மூன்றாவதாக நான் சொல்லப்போவது என் பழைய சகாக்களுக்குப் பிடிக்காது. விரிசல் உள்ள உருப்படியைச் சொல்லாமல் கலந்து அனுப்புங்கள். விமான நிலையத்தில் பைகளைப் பார்க்கும் எக்ஸ்ரே திரையில், இல்லாத துப்பாக்கியின் படத்தைக் கணினி அவ்வப்போது நுழைத்துவிடும். பார்ப்பவர் பொத்தானை அழுத்தினால், சரி, விழித்திருக்கிறார். அதைப் போல மாதத்துக்கு இரண்டு மூன்று உருப்படி போதும். 'இருக்கும், இன்றைக்கு வரும்' என்று கண்ணுக்கு ஒரு நம்பிக்கை வேண்டும். பெரியவர் அன்று காலையில் ஒரு ராடை உருவினாரே, அதற்குப் பிறகு 24 வருடம் நான் ஒவ்வொரு ராடையும் அவர் உருவப்போகும் ராடாக நினைத்துத்தான் பார்த்தேன். அவர் ஓய்வு பெற்ற பிறகும்.

வேவு பார்ப்பதுபோல ஆகிவிடாதா என்று ஒரு நண்பர் கேட்டார். ஆகலாம்தான். தவறவிட்டவனுக்கு மெமோ கொடுத்தால் நிச்சயம் ஆகும். தவறவிட்டால் எந்த உருப்படி, எந்த மூலை, விளக்கு எங்கே இருந்தது, ஷிஃப்டின் எத்தனையாவது மணி என்று உட்கார்ந்து பேசினால் ஆகாது. அந்த டென்வர் விமானத்து வட்டு கம்பியில் தொங்கியதைப் போல, நம் பட்டறைகளில் எத்தனை உருப்படிகள் விரிசல் இருக்கும் இடத்திலேயே கொக்கி மாட்டித் தொங்குகின்றனவோ!

இதையெல்லாம் தங்கை மகனிடம் சொன்னபோது அவன் அதிகம் பேசவில்லை. பெரியவர்கள் பேச்சு என்று விட்டிருப்பான் என்று நினைத்தேன். பத்து நாள் கழித்து, இரவு பதினொரு மணிக்குக் கூப்பிட்டான். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"மாமா, இன்னிக்கு ஒண்ணு கிடைச்சுது. வால்வுல, தண்டும் தலையும் சேர்ற வளைவுல. சின்னதா."

"சூப்பர்வைசர் என்ன சொன்னாரு?"

"பிசிறா இருக்கும், தொடச்சிட்டு மறுபடி பவுடர் போட்டுப் பாருன்னாரு."

அது சரியான பேச்சுதான். பிசிறாக இருந்தால் துடைத்ததும் போய்விடும். விரிசலாக இருந்தால் உள்ளே இருக்கும் திரவம் மறுபடி மேலே வரும்.

"தொடச்சியா?"

"தொடச்சேன். நின்னு பாத்துட்டே இருந்தேன் மாமா. கொஞ்ச நேரம் ஒண்ணுமில்ல. அப்புறம் மெதுவா, அதே எடத்துல, அதே மாதிரி வந்துச்சு."

"அப்புறம்?"

"ரிஜக்ட் போட்டேன். அந்தப் பெட்டி முழுக்கத் திரும்ப எடுத்துப் பாத்தேன்." கொஞ்சம் நிறுத்தினான். "இன்னிக்கு நூத்தி முப்பதுதான் மாமா ஆச்சு."